மஞ்சள் அடித்த கட்டம்

எங்கள் தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணியின், அதாவது தலைமை எழுத்தரின், நாற்காலிக்குப் பின்னால் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு வரைபடம் தொங்கும். மலாய் நாட்டில், சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில்தான் நாங்கள் இருந்தோம். ஓடை, செம்மண் சாலை, தொழிலாளர் வரிசை வீடுகளான லயன்கள், கைக்குழந்தைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகை, எங்கள் சின்ன மாதா கோயில் எல்லாம் அந்தப் படத்தில் இருந்தன. மரங்கள் நின்ற நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து நிறம் அடித்திருப்பார்கள். இளங்கன்றுக்குப் பச்சை, பால் கொடுக்கும் மரத்துக்கு நீலம், ஓய்ந்துபோன மரத்துக்குச் சிவப்பு. சிவப்பு அடித்துவிட்டால் அந்தக் காடு விழுந்தே தீரும். துரை மாறினாலும் விழும், ரப்பர் விலை ஏறினாலும் விழும். சம்பள நாளில் ஆபீசுக்குப் போகிற ஆண்களுக்குக் கையெழுத்துப் போடும்போதே கண் அந்தப் படத்தின்மேல்தான் இருக்கும். தாங்கள் பால் வெட்டும் நிரைக்கு என்ன நிறம் வந்திருக்கிறது என்று பார்த்து வந்து வீட்டில் சொல்வார்கள்.

நான் ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போது எங்கள் லயனின்மேல் ஒரு பென்சில் கோடு விழுந்தது. பார்த்துவிட்டு வந்தவர் பக்கத்து வீட்டு மாமா. அறிவிப்பு எதுவும் வரவில்லை, கங்காணி எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் அன்று சாயங்காலமே பெண்கள் பரணிலிருந்து பாத்திரங்களை இறக்கித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் டிராக்டர் வந்தது. நாங்கள் ஓடைக்கு அருகே, மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் கீழ் லயனுக்குக் குடிபோனோம். அழிரப்பரால் அழித்துவிடக்கூடிய பென்சில் கோட்டுக்கே தோட்டத்தில் அவ்வளவு அதிகாரம் இருந்தது. இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், பின்னால் என் அண்ணன் செய்ததைக் கேட்கிறவர்கள் எல்லாரும் "அவ்வளவு அப்பாவியா?" என்று சிரிக்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. அண்ணன் அப்பாவி இல்லை. வரைபடம் என்றால் உத்தரவு என்று ஒரு தோட்டமே அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

அப்பா இறந்தபோது அண்ணன் இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். தோட்டத்து வீடு வேலைக்காரனுக்குச் சொந்தம், குடும்பத்துக்கு இல்லை. வீட்டிலிருந்து யாராவது ஒருவர் பெரட்டில், அதாவது காலை ஆள் கணக்கெடுப்பில், பெயர் கொடுக்காவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று கிராணி தயங்கித் தயங்கிச் சொல்லி அனுப்பினார். அம்மாவுக்கு அப்போதே மூச்சிரைப்பு. காரியம் முடிந்த கையோடு, துக்கத்துக்கான கறுப்புத் துணி இன்னும் சட்டைப் பையில் குத்தியிருக்க, அண்ணன் அப்பாவின் பால்வெட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு விடிகாலைப் பெரட்டுக்குப் போனார். கூரைக்காகத்தான் போனார். அந்தக் கூரையின் கீழ் உட்கார்ந்துதான் நான் படித்தேன், சுங்கைப் பட்டாணியில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்கும் போனேன்.

அண்ணன் மரத்தையோ மழையையோ குறை சொன்னதில்லை. வீட்டைப் பற்றி மட்டும்தான் பேசுவார். "யாரும் போன்னு சொல்ல முடியாத வீடு ஒண்ணு வேணும் பாப்பா" என்பார். ஓலைக் கொட்டகையானாலும் போதும், சுவர் தகரமானாலும் போதும், போ என்று சொல்ல ஒருத்தரும் இருக்கக்கூடாது. அம்மாவும் போய், அவருக்குக் கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் இதே பேச்சுதான். அண்ணி கிண்டல் செய்வார்: "வானத்துலதான் கட்டணும். அங்கயும் சம்மனசுங்க வந்து லெசென் கேக்கும்." சம்மனசு என்று அவர் சொன்னது தேவதூதர்களை, லெசென் என்றது உரிமச் சீட்டை.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருடம், ஈஸ்டருக்கு மறுநாள், வழக்கம்போலத் தோட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் லாரி பிடித்துக் கடலுக்குப் போனோம். கோத்தா கோலா மூடாவுக்கு அப்பால், ஆறு கடலில் விழும் இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, சவுக்கு மரங்கள் அடர்ந்த ஒரு கரை. மீன்பிடிக்காரர்களின் படகுகள், நாலைந்து குடிசைகள், வேறு ஒன்றும் கிடையாது. ஆண்கள் கடலில் இறங்கினார்கள். நாங்கள் சவுக்கு நிழலில் பாய் விரித்துக் கோழிப் பிரட்டலையும் எலுமிச்சைச் சோற்றையும் பிரித்தோம். அங்கிருந்த பாலாய் ராயாவில், அதாவது ஊர்ப் பொது மண்டபத்தில், அன்று ஏதோ கண்காட்சி. சீராப் என்னும் சிவப்புச் சர்க்கரைத் தண்ணீர் சும்மா கொடுக்கிறார்கள் என்று பிள்ளைகள் ஓடி வந்து சொன்னதால்தான் நாங்கள் போனோம்.

உள்ளே ஒரு மேசைமேல் கடற்கரையைப் பொம்மைபோலச் செய்து வைத்திருந்தார்கள். பஞ்சில் மரங்கள், நீலச் சாயத்தில் கடல். பின்னால் சுவரில் பெரிய வரைபடம். சுற்றுப்பயணிகள் வருவதற்காக அந்தக் கரையை எப்படி வளர்க்கலாம் என்று வகுத்த பெருந்திட்டம் அது. பாத்திக் சட்டை போட்ட இளம் மலாய் அதிகாரி ஒருவர் குச்சியால் தொட்டுத் தொட்டு விளக்கினார். சவுக்குத் தோப்பு முழுக்கப் பச்சை, அதில் கை வைக்கக்கூடாது. தோப்புக்கும் கடலுக்கும் நடுவே எந்தக் கட்டடமும் வரக்கூடாது. தோப்பைவிட உயரமாக எதுவும் எழும்பக்கூடாது. ஆற்று வாயில் மணல் அள்ளக்கூடாது. படகுகள் இறங்கும் வழியை அடைக்கக்கூடாது. தோப்புக்குப் பின்னால் ஒரு வரிசை மஞ்சள் கட்டங்கள். அவை உள்ளூர்க்காரர்கள் சாப்பாட்டுக் கடை வைப்பதற்கு, பின்பக்கத்திலேயே வீடும் கட்டிக்கொள்ளலாம்.

மற்றவர்கள் சீராப்பைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அண்ணன் போகவில்லை. ஈரத் துண்டைத் தோளில் போட்டபடி அந்த மஞ்சள் கட்டங்களின் முன்னால் நின்றுகொண்டே இருந்தார். நான் போய் இழுத்தேன்.

"கலர் அடிச்சிட்டாங்க, பாத்தியா?" என்றார்.

"யாருக்கோ அடிச்சிருக்காங்க. வாங்க, சோறு ஆறுது."

"நம்ம மாதிரி ஆளுக்குத்தான் பாப்பா. கேட்டுட்டேன்லா. தோட்டத்து ஆளும் லெசென் கேக்கலாமாம்."

அந்த அதிகாரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் ஏமாற்றவில்லை. அண்ணன் மறுபடி மறுபடி கேட்டபோது அவரே சிரித்துக்கொண்டு மலாயில், "இனி பண்டுவான் சாஜா, பாங்" என்றார். இது வழிகாட்டி மட்டும்தான், அண்ணே, என்று. அண்ணனுக்கு அது காதில் விழுந்தது. பெரிய கிராணியும் இப்படித்தான் பேசுவார். "சும்மா கோடு போட்டிருக்காங்கப்பா, இன்னும் முடிவாகல" என்பார், மறுமாதம் டிராக்டர் வரும். பெரிய இடத்தில் இருக்கிறவர்கள் பணிவாகப் பேசுவார்கள், படம் பேசுவதுதான் நடக்கும். இப்படித்தான் அண்ணன் புரிந்துகொண்டார்.

அலுவலகத்தில் என் முதலாளியிடம் கேட்டேன். வயதான தமிழ் வழக்கறிஞர், வெற்றிலை போடுவார், எதையும் சுற்றி வளைக்கமாட்டார். திட்டத்தின் பிரதி ஒன்று எப்படியோ எங்கள் அலுவலகத்துக்கும் வந்திருந்தது. அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, கல்யாணப் பத்திரிகை அடிச்சிட்டா தாலி ஏறிடுமா? இது சட்டம் இல்ல. இதை மீறினவன் மேல யாரும் கேஸ் போட முடியாது. நல்ல யோசனைதான், இல்லேங்கல. உங்க அண்ணன்கிட்ட கிராண்ட் இருக்கான்னு கேளு."

கிராண்ட் என்றால் நிலப் பட்டா. அண்ணனிடம் இருக்கப்போவது வருடா வருடம் புதுப்பிக்க வேண்டிய ஒரு தற்காலிக லெசென்.

அந்தப் பிரதியை நான் மத்தியான நேரங்களில் உட்கார்ந்து படித்தேன். உண்மையைச் சொல்கிறேன், அழகாக எழுதியிருந்தார்கள். எழுதியவர் யாரோ, அந்தக் கரையில் நடந்திருக்கிறார். எந்தப் பக்கம் மண் அரிக்கும், சவுக்கு வேர்கள் எப்படி மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன, கூட்டம் கூடினால் கிணற்றுத் தண்ணீர் என்ன ஆகும், எல்லாவற்றையும் யோசித்திருந்தார். ஊர்க்காரர்களுக்கு முதலில் பிழைப்பு, பிறகுதான் வெளியாருக்கு விடுதி என்றுகூட இருந்தது. பக்கம் பக்கமாகத் தேடினேன். சொன்னபடி ஒருவர் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை.

அண்ணன் வேலையை விடப்போவதாகக் கேள்விப்பட்டு, தோட்டத்துக்குப் போய்ச் சண்டை போட்டேன். அண்ணன் முற்றத்தில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

"வேலையை விட்டா வீடு போயிடும்ண்ணே. திரும்பி வந்தா குடுக்க மாட்டாங்க. கிராண்ட் வாங்கிட்டு அப்புறம் போங்க."

"கிராண்டு யாரு குடுப்பா? அதான் பிளான் போட்டிருக்காங்கள்ல."

"பிளான் சட்டமில்லண்ணே! யாரும் கேக்கலேன்னா அவ்வளவுதான்!"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "பாப்பா, நீ படிச்சவ. நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், நீ சொல்லு. ஆபீஸ்ல கலர் அடிச்சி எது நடக்காம போயிருக்கு?"

யோசித்தேன். கீழ் லயன், ஓடைப் பாலம், சிவப்புக் காடு, மாட்டுக் கொட்டகையை இடித்தது. அடித்த நிறம் எதுவும் நடக்காமல் போனதில்லை. அண்ணி உள்ளேயிருந்து, "விடும்மா. இந்த ஆளு ராத்திரி தூக்கத்துலகூட மஞ்சக் கலர்னுதான் பேசுறாரு" என்றார். அவர் குரலிலும் ஆசை இருந்தது. அதைக் கேட்ட பிறகு எனக்குச் சண்டை போட மனம் வரவில்லை.

பலகைச் சுவர், தகரக் கூரை, சிமெண்டுத் தரை. கடை முன்னால், வீடு பின்னால். வேலையை விட்டு, லெசென் எடுத்து, அந்த மஞ்சள் கட்டத்தில் அண்ணன் தன் கையாலேயே கட்டினார். சுங்கைப் பட்டாணியிலிருந்து ஃபாதர் வந்து வீடு மந்திரித்தார். ஒவ்வொரு மூலையிலும் தீர்த்தம் தெளித்துவிட்டு, பின்வாசல் வழியாகச் சவுக்குத் தோப்பைப் பார்த்து, "நல்ல இடம் பிடிச்சிருக்கீங்க" என்றார். திரு இருதயப் படத்துக்குப் பக்கத்திலேயே அண்ணன் இன்னொரு படத்தையும் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். கண்காட்சியில் கொடுத்த துண்டுத்தாளில் இருந்த சின்ன வரைபடம். ஃபாதர் மந்திரித்த தீர்த்தம் அதன்மேலும் பட்டது. அண்ணன் அதைத் துடைக்கவில்லை.

நல்ல வருடங்கள் சில இருந்தன. இல்லை என்று சொன்னால் பாவம். அண்ணியின் நண்டுக் குழம்புக்காகப் பினாங்கிலிருந்துகூடக் காரில் வந்தார்கள். காலையில் மீன்பிடிக்காரர்களுக்கு ரொட்டி சானாய், மத்தியானம் சோறு, சாயங்காலம் வடையும் தேத்தண்ணியும். பிள்ளைகள் மலாய்ப் பிள்ளைகளோடு சேர்ந்து கறுத்துப்போய்த் திரிந்தார்கள். நான் விடுமுறைக்குப் போனால் அண்ணன் முதலில் கடையைக் காட்டமாட்டார், தோப்பைத்தான் காட்டுவார். "ஒரு மரம் குறைஞ்சிருக்கா சொல்லு, பாப்பா. பிளான்ல உள்ளபடி இருக்கு." தடுக்கப் பார்த்ததை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. என் முதலாளி சொன்னது தப்பு என்று ஒரு தடவை அவரிடமே போய்ச் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டு, "அந்த இடத்தை இன்னும் யாரும் கேக்கலம்மா" என்றார்.

எண்பதுகள் தொடங்கிக் கொஞ்ச நாளில் கேட்டார்கள். கடலைப் பார்த்தபடி தங்கும் விடுதிகள் கட்ட ஒரு கம்பெனி வந்தது. கடலைப் பார்க்க வேண்டுமானால் தோப்புக்கு முன்னால் கட்ட வேண்டும். அப்படியும் மரம் மறைத்தால் மரத்தை எடுக்க வேண்டும். அனுமதி கிடைத்துவிட்டது என்று ஊர்த்தலைவர் வந்து சொன்னார். அவர் முகமும் நன்றாக இல்லை.

அண்ணன் சுவரிலிருந்து அந்தப் படத்தைக் கழற்றினார். துண்டில் சுற்றி, பஸ் ஏறி, சுங்கைப் பட்டாணிக்கு வந்தார். நானும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடப் போனேன். அரசாங்க அலுவலகத்தில் எங்களை உட்கார வைத்தார்கள். தேத்தண்ணி வந்தது. பழைய அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார், புதியவர் நடுத்தர வயது, கண்ணாடி போட்டவர். அண்ணன் துண்டைப் பிரித்து, படத்தை மேசைமேல் அவருக்கு நேராகத் திருப்பி வைத்தார்.

"இங்கே பச்சை இருக்கிறது" என்றார் மலாயில்.

"பெட்டுல்" என்றார் அதிகாரி. உண்மைதான்.

"பச்சையில் கை வைக்கக்கூடாது."

"பெட்டுல், பெட்டுல்."

"அப்படியானால் எப்படி வெட்டலாம்?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். திட்டம் நல்ல திட்டம் என்றார். தனக்கும் அந்தத் தோப்பு பிடிக்கும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன், உங்கள் கடையில் சாப்பிட்டும் இருக்கிறேன் என்றார். ஆனால் அனுமதி கொடுப்பது வேறோர் இடம். அவர்கள் இந்தத் திட்டத்தைக் கவனத்தில் எடுத்துக்கொண்டார்கள், எடுத்துக்கொண்ட பிறகுதான் அனுமதி கொடுத்தார்கள். அதற்குமேல் அவர்களைக் கட்டாயப்படுத்த இந்தத் தாளால் முடியாது. அவர் எங்களோடு சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். போன எல்லா இடத்திலும் எல்லாரும் எங்கள் பக்கம்தான் பேசினார்கள். அண்ணன் படத்தை மறுபடி துண்டில் சுற்றினார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

மரம் வெட்டிய நாளில் நான் அங்கே இல்லை. அண்ணிதான் சொன்னார். வாள் மெஷின் சத்தம் காலையில் தொடங்கியதும் அண்ணன் கடையைத் திறந்து, வெட்ட வந்தவர்களுக்கே தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தாராம். தோட்டத்தில் சிவப்புக் காடு வெட்டும்போது அவரும் அந்தக் கூட்டத்தில் நின்றவர்தானே, அவர்கள் மேல் அவருக்குக் கோபம் இல்லை. ஒவ்வொரு மரமும் விழும்போது மட்டும் கையில் இருக்கிற பாத்திரத்தைக் கீழே வைத்துவிடுவாராம். "அப்படி வச்சி வச்சே அன்னிக்கு ஒரு வேலையும் ஓடல" என்றார் அண்ணி.

சிமெண்டுக்கு மணல் வேண்டுமே, ஆற்று வாயிலேயே அள்ளினார்கள். அதுவும் திட்டத்தில் கூடாது என்று எழுதியிருந்ததுதான். விடுதிகளின் தூண்கள் எழும்பின, சிலவற்றுக்குக் கூரையும் ஏறியது. முதலில் வந்த பெரிய தண்ணீர், அதாவது கடல் பொங்கி ஏறும் வெள்ளம், அந்தத் தூண்களின் காலைக் கழுவிவிட்டுப் போனது. அடுத்த வருடத்துத் தண்ணீர் விடுதிகளைத் தாண்டி, வெட்டிப்போட்ட சவுக்குக் கட்டைகளுக்கு நடுவே ஏறிக் கடைவாசலுக்கு வந்தது. கரையில் கல் அடுக்கிப் பார்த்தார்கள். பிறகு கம்பெனிக்கு வேறு எங்கோ நல்ல இடம் கிடைத்துவிட்டது. பூட்டக்கூடப் பூட்டாமல் போய்விட்டார்கள். ஜன்னல் வைக்காத அறைகளில் ஆடு படுத்துக் கிடந்தது.

அண்ணன் விடவில்லை. சாக்கில் மண் நிரப்பி அடுக்கினார். ரப்பர்க் கன்று நட்ட கையல்லவா, எங்கிருந்தோ சவுக்குக் கன்று கொண்டுவந்து வேலிபோல வரிசையாக நட்டார். உப்புத் தண்ணீர் மூன்று தடவை அவற்றை எடுத்துக்கொண்டு போனது. அந்த வருடம் லெசென் புதுப்பிக்கப் போனபோது, இடம் ஆபத்தானது, உங்கள் நல்லதுக்காகத்தான் சொல்கிறோம் என்று மறுத்துவிட்டார்கள். ரோட்டோரத்தில் தள்ளுவண்டி போட வேண்டுமானால் இடம் தருவதாகச் சொன்னார்கள். வீட்டைப் பற்றிக் கேட்டதற்கு, அது கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகைதானே என்றார்கள்.

கடைசியில் வீட்டைப் பிரிக்க, அதற்குள் கல்யாணமாகியிருந்த நானும் என் கணவரும் போனோம். நல்ல வெயில். கடல் ஒரு பாவமும் அறியாததுபோல எங்கோ தள்ளிக் கிடந்தது. பின்வாசல் பக்கம் சிமெண்டுத் தரைக்கு அடியில் மண்ணே இல்லை, தரை மட்டும் நாக்குப்போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் கூரைமேல் ஏறித் தகரத்தை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தார், ஆணிகளை ஒரு பால் டின்னில் போட்டுக்கொண்டார். அண்ணி பாத்திரங்களைச் சாக்கில் கட்டினார். அழுதது நான் மட்டும்தான். அண்ணி என்னை ஓர் அதட்டல் போட்டார்: "அழுவாதம்மா. அவரு காதுல விழுந்திச்சின்னா கீழே எறங்க மாட்டாரு."

கடைசியாகச் சுவரில் இரண்டு படங்கள் இருந்தன. அண்ணி திரு இருதயப் படத்தை எடுத்துச் சேலையில் சுற்றிக்கொண்டார். மற்றதை யாரும் எடுக்கவில்லை. நானே கழற்றி, லாரியில் தகரங்களுக்கு நடுவே சொருகினேன். ஏன் எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

சுங்கைப் பட்டாணியில் இருந்த எங்கள் வரிசை வீட்டின் பின்னறைக்கு அவர்கள் நால்வரும் வந்தார்கள். அண்ணன் தோட்டத்துக்குப் போய்க் கேட்டுப் பார்த்தார். அதற்குள் ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்திருந்தது. வேலை இருக்கிறது, கொந்திராக், அதாவது ஒப்பந்த வேலை, வீடு கிடையாது என்றார்கள். அவர் ஒத்துக்கொண்டார். விடியும் முன் மோட்டார்சைக்கிளில் கிளம்பிப் போய், தான் பிறந்த தோட்டத்தில் கூலிக்குப் புல் வெட்டிவிட்டு, சாயங்காலம் தங்கை வீட்டுக்குத் திரும்பி வருவார். வாசலில் செருப்பை ஓரமாக, சுவரோடு ஒட்டி விடுவார். என் வீட்டில் யாரும் அவரைப் போ என்று சொன்னதில்லை, சொல்லவும் மாட்டோம். ஆனாலும் அந்தச் செருப்பு ஓரத்தில்தான் கிடக்கும். ஒருநாள் தாங்க முடியாமல் அதை எடுத்து நடுவாசலில் வைத்தேன். மறுநாள் அது மறுபடி ஓரத்தில் இருந்தது.

அண்ணி ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்தார். ஒருமுறை பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்: "ஊடு போனதக்கூட மறந்துட்டேம்மா. இந்த மனுசன் இப்பல்லாம் ஒண்ணும் வேணும்னு கேக்க மாட்டேங்குறாரே, அதத்தான் தாங்க முடியல."

எண்பதுகள் முடியப்போகிற சமயம். சுங்கைப் பட்டாணியில் நகர மண்டபத்தில் புதிய வரைபடங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள் என்று அலுவலகத்தில் கேள்விப்பட்டேன். வீட்டில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அண்ணன், அதே வெள்ளைச் சட்டையோடு, "போய்ப் பாத்துட்டு வருவமா?" என்று கேட்டார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவராகக் கேட்ட ஒன்று.

பெரிய மண்டபம், மின்விசிறி, வரிசையாகப் பலகைகள். கடற்கரைப் பலகை ஒரு மூலையில் இருந்தது. புதிய தாள், புதிய அச்சு, நிறங்கள் பளிச்சென்று இருந்தன. ஆனால் படம் பழைய படம்தான். ஆறு விழும் இடத்துக்குத் தள்ளி அதே பச்சை. அதற்குப் பின்னால் அதே மஞ்சள் வரிசை. நாங்கள் தகரம் கழற்றிய இடத்துக்குமேல் இப்போது பெரிய தண்ணீர் நாளில் படகு போகும். படத்தில் அங்கே ஒரு மஞ்சள் கட்டம் இருந்தது. பக்கத்தில் சின்னதாக ஒரு மரமும் வரைந்திருந்தார்கள்.

அண்ணன் வெகுநேரம் பார்த்தார். பிறகு மேசையில் உட்கார்ந்திருந்த இளம்பெண் அதிகாரியிடம் போனார். நான் பயந்தேன். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்தினால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், தோட்டத்து மலாயில், மிஸ் என்பதுபோல் மரியாதையாக அழைத்துக் கேட்டார்:

"ச்சிக், இதை மட்டும் அழித்துவிட முடியுமா?"

"எதை?"

"இந்த மஞ்சளை. இங்கே இப்போது கடல் இருக்கிறது."

அவள் எழுந்து வந்து பார்த்தாள். பாவம், சின்னப் பெண், அந்தப் பக்கம் போயிருக்கமாட்டாள். திட்டம் இப்போதுதான் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது, அடுத்த தடவை மறுபரிசீலனை செய்யும்போதுதான் திருத்த முடியும், தன்னால் எதையும் மாற்ற இயலாது என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள். எனக்குத் தலைக்கு ஏறியது. "தோப்பு முழுக்க வெட்டினாங்களே, அப்ப யாரும் இதைப் பாக்கல. ஒரு கட்டத்தை அழிக்கச் சொன்னா இப்ப மட்டும் ரூல் பேசுறீங்களா?" என்று மலாயில் கேட்டுவிட்டேன். குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் என் கையைப் பிடித்து அழுத்தினார். "விடு பாப்பா. அந்தப் புள்ள என்னா செய்யும்?" என்றார்.

திரும்பும்போது பலகையின் முன்னால் ஓர் இளம் தம்பதி நின்றிருந்தார்கள். நம் ஆட்கள். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, எண்ணெய் வைத்த தலை, ரப்பர்ப் பால் கறை போகாத நகம். பெண்ணின் இடுப்பில் ஒரு குழந்தை. தோட்டத்து ஆட்களா என்று கேட்கத் தேவையில்லை. அந்தத் தம்பி மஞ்சள் கட்டங்களின் முன்னால், உதடு அசைய, ஏதோ யோசித்துக்கொண்டு நின்றான்.

அண்ணன் போய் அவன் பக்கத்தில் நின்றார்.

"தம்பி, இது சும்மா படந்தான். நம்பிறாதீங்க."

அவன் மரியாதையாகத் திரும்பினான். அண்ணனின் முகத்தைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், மறுபடி அண்ணனைப் பார்த்தான்.

"சும்மாவா? அப்புறம் எதுக்குண்ணே கலர் அடிச்சி வச்சிருக்காங்க?"

அண்ணன் வாயைத் திறந்தார். அந்தப் பெண் அதற்குள் குழந்தையை முன்னால் தூக்கி, அதன் விரலைப் பிடித்து அந்த மஞ்சள் கட்டத்தின்மேல் வைத்து, "ஊடு பாரு, ஊடு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.